மாலை போட்டவரின் ரத்தம்

அந்த நாட்களில் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தினமும் ஒரு கூத்து நடக்கும். காசநோய்க்காரர்களோடு எய்ட்ஸ் நோயாளிகளையும் சேர்க்கும் ஆஸ்பத்திரி இருந்த அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வந்ததும், ஜன்னலோரம் இருப்பவர்கள் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே ஏறுகிறவர் கொஞ்சம் இளைத்தவராக இருந்துவிட்டால் அவருக்கு யோகம்தான். மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரும் சீட்டில் அவர் ஒருவரே காலை நீட்டிக்கொண்டு போகலாம். குரோம்பேட்டை வந்த பிறகுதான் மற்றவர்கள் மூச்சை விட்டுப் பேப்பரைப் பிரிப்பார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏன் சார், ஜன்னல் கம்பிக்கும் எய்ட்ஸ் வந்துடுச்சா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எதுக்கு சார் வம்பு" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த நோயின் பெயரைச் சுவர்களில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். பெயர் வந்த வேகத்தில் விவரம் வரவில்லை. சலூனில் ஷேவ் செய்துகொள்ள வேண்டாம் என்றார்கள், அதிலாவது கொஞ்சம் நியாயம் இருந்தது. ஓட்டல் டம்ளர், டெலிபோன் ரிசீவர், கொசு, பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிறவர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவற்றையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதவை இரண்டு இருந்தன. ரத்தம் கொடுத்தால் அந்த நோய் வரும் என்பது ஒன்று. ஒழுக்கமானவனுக்கு அது வரவே வராது என்பது இன்னொன்று.

பாரிமுனையில் நான் வேலை பார்த்த ஆபீசுக்கு ஒருமுறை ரத்ததான வண்டி வந்தது. எங்கள் செக்‌ஷனே காலி. பாத்ரூமில் போய் நின்றவர்கள்கூட உண்டு. ஊசி குத்துகிறார்களே, அந்த ஊசி வழியாக உள்ளே போய்விடுமாம். அப்படியென்றால் ரத்தம் ஏற்றிக்கொள்வதில் பயமில்லையா என்று கேட்டேன். அது சீல் வைத்து ஐஸ் பெட்டியில் இருந்து வருகிறது, கிருமியெல்லாம் குளிரில் செத்துப்போயிருக்கும் என்றார் எங்கள் சூப்பிரண்டு. பி.எஸ்சி. படித்தவர். பாக்கெட் பாலை நம்புவது போல அவர் பாட்டில் ரத்தத்தை நம்பினார். ஊரே நம்பியது.

என் தங்கைக்கு முதல் பிரசவம். குரோம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடித்து மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அப்பா அப்போது இல்லை. அம்மா, நான், அவள், மூன்றே பேர். கார்த்திகை மாதம். அந்த வருஷம் மழை விடவே இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். வலி கண்டதும் ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, பக்கத்தில் இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த வண்டிக்குப் பிறகு ரயிலும் நின்றுபோனது.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அம்மா சர்க்கரை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். அந்தச் சர்க்கரை வாயில் கரைவதற்குள் லேடி டாக்டர் வெளியே வந்தார். ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியாக வேண்டும், ஓ பாசிட்டிவ், யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் கையை நீட்டினேன். இரண்டு மாதம் முன்புதான் எனக்கு மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. அதைச் சொன்னதும் என்னைத் தள்ளி வைத்துவிட்டார். அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "உங்களுக்கே ஏத்தணும் போலிருக்கேம்மா" என்றார். மிச்சம் மாப்பிள்ளைதான். ஓ பாசிட்டிவ் என்று அவருடைய கம்பெனி அடையாள அட்டையிலேயே அச்சடித்திருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். சட்டைக் கையை மடித்துவிடவும் செய்தார்.

"எங்கடா போறே?" என்றாள் அவருடைய அம்மா.

"ரத்தம் குடுக்கம்மா."

"ஊசி குத்தவா? ஊரு முழுக்க அந்த நோவு பரவிக் கெடக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா என் குடும்பம் என்னாவறது? குடுத்துட்டு நோயோட வருவியா?"

"அத்தை, புது ஊசிதான் போடுவாங்க. குடுக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

"உனக்கென்ன தம்பி, நீ சொல்லுவே. ஒத்தைப் பிள்ளையைப் பெத்தவ நான்."

மாப்பிள்ளை மடித்த கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் தங்கைக்கு மசக்கையில் மாங்காய் வேண்டும் என்று பல்லாவரம் சந்தைக்குப் போய் அலைந்த மனிதர் அவர். ஆனால் அந்தக் கைப் பட்டனை அவர் போட்டுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிடலாம் என்று எதிர்க் கடைக்கு ஓடினேன். போன் செத்துக் கிடந்தது. தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டேன். குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது நர்சிங் ஹோமின் பின்பக்கம் இருந்த லேபில் வேலை செய்யும் ஆள் மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவறே? நம்ம கையில ஆளு கீறாரு. ரத்தம் குடுக்கறதே அவருக்குப் பயக்கம். இட்டாந்துடறேன்."

"யாருப்பா அது? கண்டவன் ரத்தமெல்லாம் வேண்டாம். குடி கூத்துன்னு திரியறவனா இருந்தா?"

"ஐய, அதெல்லாம் இல்லமா. மாலை போட்டுக்கீறாரு. சாமி. பீடி கூட தொட மாட்டாரு. கவுச்சி கெடையாது. தெனம் ரெண்டு வேளை பச்சத் தண்ணில குளியல்."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? வயதில் சின்னவராக இருந்தாலும் சாமி என்போம். வீட்டில் மாலை போட்டவர் இருந்தால் தனி அடுப்பு, தனிப் பாய். எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் அப்படி விரதம் காத்தார்கள், சுத்தமாகக் காத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்றைக்கும் குறையில்லை, இன்றைக்கும் இல்லை. விரதம் உடம்பைச் சுத்தமாக்கும் என்றால் ரத்தத்தையும் சுத்தமாக்கும்தானே என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்தக் கணக்கு அந்த லேப் ஆளுக்கும் தெரிந்திருந்தது. கார்த்திகை மார்கழியில் அவன் யாரை அழைத்து வந்தாலும் கழுத்தில் மணிமாலை இருக்கும் என்று பிற்பாடு அந்தப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள்.

சாமி வந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், ஒட்டிய கன்னம். மழையில் நனைந்து உதறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் ஒரு அடி பின்னால் போனார். அந்தக் கூச்சம் உண்மையானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

லேபில் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டியபோது முழங்கை மடிப்பைப் பார்த்தேன். காய்த்துப்போயிருந்தது. புள்ளி புள்ளியாக, ஒன்றன் மேல் ஒன்றாக. தையல் பிரித்த துணி மாதிரி இருந்தது. இன்னொரு கையிலும் அப்படியே.

"சாமி, கடைசியா எப்ப ரத்தம் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆச்சு சாமி, ரொம்ப நாளாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

லேப் ஆளைப் பிடித்துக்கொண்டேன். "எல்லா டெஸ்டும் பண்ணியாச்சா? அந்த டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கத்தினேன். "எல்லாம் பாத்தாச்சு சார், நீ கம்முனு இரு சார்" என்றான். வந்தவரைப் படுக்கவைத்ததை நான் பார்த்தேன். எதையும் சோதித்ததை நான் பார்க்கவில்லை. லேடி டாக்டரிடம் ஓடினேன். அவர் கை இரண்டிலும் என் தங்கையின் ரத்தம். "லேப்ல பாத்திருப்பாங்க. எனக்கு இப்ப ரத்தம் வேணும். அரை மணி நேரம் போனா நீங்க பாடியைத்தான் வாங்கிட்டுப் போகணும். சொல்லுங்க, ஏத்தவா வேண்டாமா?" என்றார். அம்மா என் வாயைப் பொத்தினாள். "ஏத்துங்க தாயே" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சாமியைச் சந்தேகப்படறியே தம்பி, தெய்வ குத்தம் ஆயிடும்" என்றாள். சாமிக்கு அவளே தன் கையால் ஒரு டம்ளர் சூடான பால் ஆற்றிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். இன்னொரு பாட்டில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அதையும் சாமி ரத்தம் என்றுதான் சொன்னார்கள்.

தங்கை பிழைத்தாள். வெளுத்த உதட்டில் பொழுது சாய்வதற்குள் நிறம் வந்தது. சந்தோஷப்பட்டேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் அந்தக் காய்த்துப்போன முழங்கை கிடந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. அவ்வளவு ரத்தம் போனால் அப்படி ஆகும் என்றார் டாக்டர். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்க வக்கில்லாதவள் என்று குரோம்பேட்டையில் அதற்கும் பேச்சு வாங்கினாள். குழந்தை டின் பாலில் வளர்ந்தது. தாய்ப்பால் வழியாகவும் அந்த நோய் போகும், டின் பால்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது என்று பின்னால் புரிந்தபோது, ஆண்டவன் கணக்கு நமக்கு விளங்காது என்று அம்மா சொன்னாள். அப்படி ஒரு கணக்குப் பிள்ளையை எந்த ஆபீசிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நான் சொன்னேன்.

குழந்தை ஓடியாடத் தொடங்கிய பிறகு தங்கைக்கு அக்கி வந்தது. விலாவைச் சுற்றி நெருப்பு வைத்த மாதிரி கொப்புளம். மண்பாண்டம் செய்கிறவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தாள். ஆறிற்று. பிறகு நாக்கில் வெள்ளை படர்ந்தது. பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஒவ்வொரு முறை அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் எனக்கு ரயிலில் உட்காரப் பிடிக்காது, கதவோரம் நின்றபடியே வருவேன். ரவிக்கை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு அவள் இளைத்த பிறகுதான் ஒரு டாக்டர் அந்தப் பரிசோதனையை எழுதினார். இருந்தது. குழந்தைக்கும் பார்த்தார்கள். இல்லை.

குரோம்பேட்டை வீட்டில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். என் தங்கை ஹாலில் இல்லை, பின்கட்டில் நிற்கவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரத்தத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவருடைய அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

"அந்தப் பேச்சே வேண்டாம். அது சாமி ரத்தம். மாலை போட்ட மனுஷனுக்கு அந்த நோவு எப்படி வரும்? அவருக்கு இல்லாதது அவர் ரத்தத்துல எப்படி இருக்கும்?"

"அத்தை, அவன் கையை நான் பாத்தேன்..."

"நீ அன்னைக்கே சாமியைச் சந்தேகப்பட்டவன், இன்னைக்கு அவன் இவன்னு பேசறே. ரத்தத்துல வரலைன்னா வேற எங்கேர்ந்து வந்துதுன்னு உன் தங்கச்சியைப் போய்க் கேளு. கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் கிளாசுன்னு தனியா ரயில்ல போய் வந்தவதானே."

கையில் இருந்த காபி டம்ளரைச் சுவரில் அடித்தேன். அடித்து என்ன ஆகிவிடப் போகிறது? மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. நீங்க அங்கதான இருந்தீங்க" என்றேன். அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீங்களாவது பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றேன். "ஊசி குத்தி என் பிள்ளைக்கும் வரவைக்கப் பாக்கறியா?" என்று எழுந்துவிட்டாள் அவருடைய அம்மா. இன்றுவரை அவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷமே வேறு பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. அந்தப் பெண் வீட்டாரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பொறாமையில் சொல்கிறான் என்றார்கள்.

அன்று தங்கையின் தட்டு, டம்ளர், பாய், தலையணை எல்லாவற்றையும் ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். குழந்தை மட்டும் அங்கேயே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். சுத்தமான குழந்தையாம், தாய் மூச்சுப் பட்டால் கெட்டுவிடுமாம். தங்கை அழவில்லை, வாதாடவில்லை. மூட்டையை அவளே தூக்கிக்கொண்டாள். ஆட்டோக்காரர் வாங்கி வைக்க வந்தபோது, "வேண்டாங்க, நானே வச்சுக்கறேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் அவளை யாரும் ஒதுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. அம்மா அவளுக்குக் கஞ்சி வைத்தாள், தலைவாரிவிட்டாள். சாயங்காலமானால் அவள் கட்டிலுக்குக் கொசுவலையும் கட்டினாள். தாம்பரத்துக் கொசு தெரியாதா, மகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கட்டுகிறாள் என நினைத்தேன். ஒருநாள் வலை கிழிந்திருந்தது. அம்மா ஊசி நூலோடு உட்கார்ந்து ஓட்டைகளைத் தேடித் தேடித் தைத்தாள். "உள்ளே போற கொசு வெளியே வந்து உன்னைக் கடிச்சுதுன்னா என்ன பண்றது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பெற்ற தாய். என்ன சொல்ல?

அதற்குப் பிறகு அவளைக் காட்டிக்கொண்டிருந்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கேட்டேன். வயதானவர், கோபப்படாமல் பதில் சொன்னார். தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கொசுவால் வராது. குழந்தையைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம். இருமல் இருந்ததே, அதற்குக் கொடுத்த மாத்திரையில் அது அடங்கிவிட்டது, இனி அதைப் பற்றியும் பயமில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா நம்பினாளா தெரியவில்லை. அடுத்த நாள் வலையைக் கட்டவில்லை. தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பாவைத் தூக்கலாம்னா சொன்னார்?" என்று திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொரு முறையும் கேட்டாள்.

குழந்தையைக் காட்டுவதற்காக நான் குரோம்பேட்டைக்கு எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், வக்கீல் வைப்பேன் என்றேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் அம்மாவுக்குத் தெரியாமல் அழைத்து வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு குழந்தையை மட்டும் உள்ளே விட்டார்.

தங்கை அன்று காலையிலேயே குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் கொஞ்சம் வெட்கம். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது. "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது.

தங்கை எழுந்து பின்னால் போனாள். முதுகு சுவரில் இடிக்கும்வரை போனாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தூக்குடி" என்றேன். "டாக்டர் சொன்னார் இல்ல? தொட்டா ஒண்ணும் ஆகாது. தூக்கு."

"வேண்டாம்ணா."

"நான் பொய்யா சொல்றேன்? அவ்வளவு பெரிய டாக்டர் சொல்றாரு."

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்த ரத்தத்தை ஏத்தும்போதும் எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகாதுன்னுதானேண்ணா சொன்னாங்க."

குழந்தை அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அம்மாவின் கை ஏன் வரவில்லை என்று அதற்கு விளங்கவில்லை. கேட்டுக்கு வெளியே இருந்து மாப்பிள்ளை, "போலாம் பாப்பா" என்றார். அது என்னைப் பார்த்து, "மாமா, அம்மாவுக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.